முறிகண்டி வந்தால் ஐயாவுக்கு நித்திரை

தேங்காய் உடைத்தது நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த நாட்களில் பத்திரிகைகளில் எழுதியவர்கள் பேராயரைப் பற்றி எழுதினார்கள், பிள்ளையாரைப் பற்றி எழுதினார்கள், வேதாகமத்தில் எத்தனையாம் அதிகாரத்தில் என்ன சொல்லியிருக்கிறது என்றெல்லாம் எழுதினார்கள். தேங்காய் உடைத்தவனைப் பற்றி ஒருவரும் ஒரு வரி எழுதவில்லை. படத்திலும் என் முகம் விழவில்லை. தூக்கிய தேங்காய் சரியாக மூக்குக்கு நேரே வந்து மறைத்துவிட்டது. என் மனைவிக்கு அந்தக் கவலை இன்றுவரை தீரவில்லை.

முறிகண்டியைப் பற்றி வன்னியில் இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கண்டி றோட்டில் மாங்குளத்துக்கும் கிளிநொச்சிக்கும் நடுவில், காட்டோரமாக ஒரு சின்னப் பிள்ளையார் கோயில். அந்த வழியால் போகிற வாகனம் எதுவும் நிற்காமல் போகாது. லொறி நிற்கும், பஸ் நிற்கும், அரசாங்கக் கச்சேரி ஜீப் நிற்கும். சாரதி இறங்கிக் கற்பூரம் கொளுத்தி, ஒரு தேங்காயைச் சிதற அடித்து, வறுத்த கச்சான் கடலை வாங்கிக்கொண்டு ஏறுவான். சிங்களச் சாரதிகளும் நிற்பார்கள். முஸ்லிம் முதலாளிமாரின் லொறிகளும் நிற்கும். அங்கே நிற்காமல் போன வாகனங்களுக்கு என்ன நடந்தது என்று சொல்ல ஒவ்வொரு சாரதியிடமும் நாலு கதை இருக்கும். அதில் மூன்று பொய். உண்மையானது எது என்று தெரியாதபடியால் எல்லோரும் நிற்பார்கள்.

நான் ஓட்டியது அங்கிலிக்கன் பேராயரின் கார்.

எங்கள் குடும்பம் குடியேற்றத்திட்டத்தில் காணி கிடைத்து யாழ்ப்பாணத்திலிருந்து உருத்திரபுரத்துக்கு வந்தது. அண்ணன் மண்வெட்டியைத் தூக்கினான், வயல் அவன் சொன்னதைக் கேட்டது. எனக்குக் கமம் சரிவரவில்லை. நான் கட்டிய வரம்பால் தண்ணீர் போகும், வெட்டிய வாய்க்காலால் போகாது. எஸ்.எஸ்.சி. வரை படித்திருந்தேன், கந்தோரில் எழுதுவினைஞனாகப் போகலாம் என்று வீட்டில் எதிர்பார்த்தார்கள். நான் உழவு இயந்திரத்தின் வாலைப் பிடித்துக்கொண்டு திரிந்து, ஒருவழியாக லைசென்ஸ் எடுத்தேன்.

அப்போது அவர் பேராயர் இல்லை. எங்கள் பகுதிக்கு வந்துபோகிற இளம் குருவானவர். அவரும் யாழ்ப்பாணத்துக்காரர்தான், நல்ல வசதியான கிறிஸ்தவக் குடும்பம். எங்கள் திட்டத்தில் அவருடைய சபையைச் சேர்ந்த வீடுகள் ஒரு கையின் விரல்களுக்குள் அடங்கும். அந்த நாலைந்து வீட்டுக்காகக் கிழமைக்கு ஒருமுறை சைக்கிளில் வருவார். கோடையில் சைக்கிளின் மேல் அவர் வருவார், மாரியில் அவர் மேல் சைக்கிள் வரும். நெற்சூடு மிதிக்கிற காலமென்றால் வெள்ளை அங்கியை இடுப்பில் செருகிக்கொண்டு களத்தில் இறங்கி வைக்கோல் உதறுவார். மதம் மாற்ற வந்தவர் என்று முதலில் எல்லோரும் அவர்மேல் ஒரு கண் வைத்திருந்தார்கள். இரண்டு வருடமாகியும் ஒருவரையும் மாற்றாதபடியால், பாவம், தன் வேலை தெரியாத மனிதர் என்று இரங்கத் தொடங்கினார்கள்.

ஓலைக் கொட்டில் ஒன்று போட்டுப் பள்ளிக்கூடம் தொடங்கினார். அது இரண்டாகி மூன்றாகியது. சைக்கிளில் சுற்றி முடிக்க முடியாமல் போனபோது, மிஷன் அவருக்கு ஒரு பழைய கறுப்புக் கார் கொடுத்தது. அவருக்கும் ஓட்டத் தெரியும். ஆனால் அவர் ஓட்டும்போது றோட்டைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்ப்பார். இரண்டு தரம் வாய்க்காலுக்குள் இறக்கிய பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, கார் ஓட்டுவீரோ?"

"ஓம் ஐயா."

"ஜெபம் பண்ணுவீரோ?"

"எங்கட முறையிலை பண்ணுவன் ஐயா."

"அப்ப சரி. நான் ஓட்டேக்கை நீர் பண்ணும். நீர் ஓட்டேக்கை நான் பண்ணுறன்."

வேலைக்கு எடுத்த விதம் இவ்வளவுதான்.

குருவானவராக இருந்தவரை நாங்கள் ஓடியதெல்லாம் உள்றோட்டுகள். ஸ்கந்தபுரம், அக்கராயன், பூநகரி என்று செம்மண்ணும் சேறும். பிறகு அவர் படிப்படியாக உயர்ந்தார். தலைமைக் குருவானார். ஒருநாள் தெற்கிலிருந்து தந்தி வந்தது, வடக்குப் பகுதியைப் பார்க்கிற உதவிப் பேராயராக அவரைத் தெரிவு செய்திருக்கிறார்கள் என்று. வவுனியாவில் ஒரு பழைய பங்களா கொடுத்தார்கள். அதன் பின்வளவில் எனக்கும் மனைவிக்கும் ஒரு சின்ன வீடு கிடைத்தது. குடியேற்றத்திட்டத்தில் எல்லோருக்கும் அவர் பிஷப் ஐயா ஆனார். எனக்கு மட்டும் வெறும் ஐயாவாகவே இருந்தார்.

பேராயரானதும் வந்த முதல் கஷ்டம் அவருடைய கோல். ஆள் உயரத்துக்கு மேல், நுனியில் வளைந்த கோல். காருக்குள் எப்படி வைத்தாலும் அடங்காது. கடைசியில் பின் யன்னலால் வளைந்த பக்கத்தை வெளியே நீட்டிக்கொண்டுதான் போவோம். ஒருமுறை நெடுங்கேணிப் பக்கம் அது ஒரு முள்மரக் கொப்பைக் கொழுவி இழுத்துக்கொண்டு வந்தது. திடப்படுத்தல் ஆராதனைக்கு வாசலில் காத்து நின்ற சபையார், இதுவும் சடங்கில் ஒரு பகுதியாக்கும் என்று நினைத்து எழுந்து நின்றார்கள்.

இரண்டாவது கஷ்டம் முறிகண்டி. வவுனியாவிலிருந்து கிளிநொச்சிக்குப் போக வேறு நல்ல றோட்டு இல்லை. சிலுவை போட்டுக்கொண்டு, ஊதா நிறப் பட்டி கட்டிக்கொண்டு பின்னால் ஒரு பேராயர் இருக்கும்போது, நான் எப்படி இறங்கித் தேங்காய் அடிப்பேன்? அடிக்காமல்தான் எப்படிப் போவேன்? முதல் பயணத்துக்கு முதல்நாள் மனைவியிடம் சொன்னேன். மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தவள் அரிவாளை நிமிர்த்திக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"நீங்கள் ஆரை வேணுமெண்டாலும் ஏத்திக்கொண்டு போங்கோ. தேங்காய் அடிக்காமல் முறிகண்டி தாண்டினீங்கள் எண்டு கேள்விப்பட்டனோ, நான் அம்மா வீட்டை போயிடுவன்."

சொன்னதோடு நிற்கவில்லை. பங்களா வளவில் நின்ற தென்னையின் கீழ் விழுந்து கிடந்த தேங்காயில் நல்லதாக ஒன்றை உரித்து, என் இருக்கைக்குக் கீழே சாக்குத்துண்டில் சுற்றி வைத்துவிட்டாள்.

மாங்குளம் தாண்டியதிலிருந்து கண்ணாடியில் பின்னால் பார்த்துப் பார்த்து ஓட்டினேன். அவர் ஏதோ புத்தகம் வாசித்துக்கொண்டிருந்தார். கொக்காவில் வந்தது. புத்தகத்தை மூடினார்.

"தம்பி, ஒரு சின்ன நித்திரை கொள்ளப்போறன்."

சொல்லிக் கைகளை மடியில் கோத்து, தலையைக் குனிந்துகொண்டார். கோயில் கண்ணில் படும்போது அசைவே இல்லை. பிள்ளையாரே, உன் கருணையே கருணை என்று, முட்டைக் கூடையை இறக்கி வைக்கிறது போல மெதுவாகக் காரை நிறுத்தினேன். கதவைச் சத்தமில்லாமல் திறந்தேன். கற்பூரம் கொளுத்தி, தேங்காயை அடித்து, திருநீற்றில் கொஞ்சத்தை ஸ்டியரிங்குக்குக் கீழே வெளியே தெரியாத இடத்தில் பூசி, ஒரு சுருள் கச்சான் வாங்கிக்கொண்டு வந்து ஏறினேன். இரணைமடுச் சந்தி தாண்டிய பிறகுதான் பின்னாலிருந்து குரல் வந்தது.

"கச்சான் மணக்குதே."

சுருளைப் பின்னால் நீட்டினேன். எங்கே வாங்கியது என்று அவர் கேட்கவில்லை.

அதன் பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. தெற்கிலிருந்து போனால் கொக்காவிலில் அவருக்கு நித்திரை வரும். வடக்கிலிருந்து வந்தால் இரணைமடுச் சந்தியில் வரும். மழையோ வெயிலோ தவறாது. வேறு எந்த இடத்திலும் அவர் காருக்குள் கண்ணயர்ந்ததை நான் கண்டதில்லை. அந்தப் பக்கத்துக் காட்டுக் காற்று அப்படி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நான் ஒன்றும் மொக்கன் இல்லை. ஆனால் தனக்கு வசதியான விஷயத்தை மனிதன் அதிகம் துருவிப் பார்ப்பதில்லை.

இப்படியே வருடங்கள் ஓடின. தெற்கில் இருந்த பெரிய பேராயருக்கு வயதாகிவிட்டது, அடுத்ததாக அந்தக் கதிரையில் இருக்கப்போவது எங்கள் ஐயாதான் என்று சபையார் வெளிப்படையாகவே கதைக்கத் தொடங்கினார்கள். எனக்கும் உள்ளூரப் பெருமை. பெரிய நகரத்து றோட்டுகளில் எப்படி ஓட்டுவது என்று இரண்டு மூன்று லொறிக்காரரிடம் விசாரித்தும் வைத்திருந்தேன்.

அந்த நேரத்தில்தான், அறுபதாம் ஆண்டு, அரசாங்கம் மிஷன் பள்ளிக்கூடங்களைத் தான் எடுக்கப்போவதாகச் சொன்னது. நாடு முழுக்கக் கொதித்தது. முல்லைத்தீவுக் கரையில் கத்தோலிக்கச் சனம் பாயும் தலையணையுமாகப் பள்ளிக்கூடங்களுக்குள் போய்க் குந்திக்கொண்டது. எங்கள் ஐயாவும் கர்ச்சிப்பார் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். கிளிநொச்சியில் ஒரு கூட்டம் வைத்தார்கள். அவர் எழுந்து, இரண்டு நிமிடம்கூடப் பேசவில்லை.

"பள்ளிக்கூடம் பிள்ளையளின்ரை. நாங்கள் இவ்வளவு நாளும் திறப்பை வைச்சிருந்தனாங்கள். கேட்டால் குடுக்கத்தான் வேணும்."

முன் வரிசையில் இருந்த ஒரு பிரக்கிராசி மட்டும் எழுந்து தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தார். வவுனியா நீதிமன்றத்தில் பெயர்பெற்ற வழக்கறிஞர், சபையின் பெருந்தூண். மனிதரைக் குறை சொல்ல மாட்டேன். தாயில்லாமல் மிஷன் விடுதியில் வளர்ந்தவர், அவருக்குப் பள்ளிக்கூடம்தான் தாய்வீடு. தாய்வீட்டின் சாவியை ஒருவர் இப்படித் தூக்கிக் கொடுத்தால் யாருக்கும் கோபம் வரும். அன்றிலிருந்து அவர் ஐயாவின் எதிர்க்கட்சி.

அதற்குச் சில கிழமைகளின் பின் அந்தப் படம் வந்தது.

யாரோ ஒரு பிரயாணி, தெற்கிலிருந்து வந்தவராக இருக்க வேண்டும், முறிகண்டிக் கோயிலைப் படம் எடுத்துக்கொண்டு நின்றதை நான் பார்த்தேன். கோயில் என்றால் படம் எடுப்பார்கள்தானே என்று நான் என் வேலையைப் பார்த்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்திரிகையை விரித்தால், முதல் பக்கத்தில் எங்கள் கார். முன்னால் என் கை, தேங்காய். பின்னால் கார் யன்னலுக்குள், கைகளைக் கோத்துத் தலை குனிந்து கண் மூடியபடி பேராயர். கீழே பெரிய எழுத்தில், 'பிள்ளையார் சந்நிதியில் பேராயர்'.

மெல்லுகிற வாய்க்கு அவல் கிடைத்துவிட்டது. விக்கிரக ஆராதனை என்று ஒரு சாரார் எழுதினார்கள். நித்திரை கொண்ட மனிதரைப் படம் பிடித்து அவமானப்படுத்துகிறார்கள் என்று மற்றச் சாரார் எழுதினார்கள். நித்திரை என்றால் தலை ஒரு பக்கம் சாயும், இது நேரே அல்லவா குனிந்திருக்கிறது என்று ஒருவர் கேட்டார். நான் முப்பது வருடமாக ஆசிரியர், நிமிர்ந்தபடியும் நித்திரை கொள்வேன் என்று இன்னொருவர் பதில் எழுதினார். எங்கள் சைவக்காரரும் சும்மா இருக்கவில்லை. பிள்ளையாரைக் கும்பிடுவதாக நடித்து எங்களைப் பிடிக்கப் பார்க்கிறார்கள் என்று உருத்திரபுரத்தில் ஒரு கண்டனக் கூட்டம் வைத்தார்கள். அண்ணன் முன் வரிசையில் இருந்து கைதட்டிவிட்டு, பிறகு வந்து என்னிடம் மன்னிப்புக் கேட்டான். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். நான் பிள்ளையாரைக் கும்பிடப் போய் அது என் ஐயாவின் தலையில் முடிந்தது.

அந்தக் கிழமை முல்லைத்தீவுக்குப் போயிருந்தோம். ஐயா ஒரு நோயாளியைப் பார்க்க உள்ளே போய்விட்டார். கரையில் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்த ஒரு கத்தோலிக்க மீனவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீர்தானே அந்தத் தேங்காய்க்காரன்?"

"ஓம்."

"நாங்கள் அந்தோனியாரைக் கும்பிடாமல் கடல்ல இறங்கிறேல்லை. உங்களுக்கு றோட்டுக்கு ஒரு பிள்ளையார். இதுக்கு ஏன் உவங்கள் உப்பிடிக் குதிக்கிறாங்கள்?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த இரண்டு கிழமையில் நியாயமாகக் கதைத்த ஒரே மனிதர் அவர்தான். போகும்போது இரண்டு பாரைக் கருவாடும் சுற்றித் தந்தார்.

விஷயம் விளையாட்டாக இல்லை என்பது சபையின் செயலாளரான குருவானவர் ஒரு கடதாசியோடு வந்தபோதுதான் எனக்கு விளங்கியது. பிரக்கிராசியும் அவரோடு சேர்ந்தவர்களும் விசாரணை கேட்டிருந்தார்கள். பேராயர் தெரிந்துகொண்டு கும்பிட்டார் என்று முடிவானால் அவர் பதவி விலக வேண்டும். நித்திரையில் இருந்தார் என்றால் ஒரு பிழையும் இல்லை, பெரிய கதிரை அவருக்குத்தான். செயலாளர் கடதாசியை வாசித்தார். பேராயர் நித்திரையாக இருந்த வேளை சாரதி அனுமதியின்றி இந்தக் காரியத்தைச் செய்தான், சாரதி வேலையிலிருந்து நிறுத்தப்பட்டான் என்று எழுதியிருந்தது.

"உமக்கு வேறை இடத்திலை வேலை எடுத்துத் தருவம். நீர் கையெழுத்துப் போட்டால் ஐயாவுக்கு வில்லங்கம் இல்லை," என்றார்.

எனக்குக் கோபம் வரும் என்று நினைத்துத் தயங்கித் தயங்கிச் சொன்னார். கோபம் வரவில்லை. அதில் இருந்தது முழுக்க உண்மை என்றுதான் நான் நினைத்தேன். ஐயா பெரிய கதிரையில் இருப்பதென்றால் நான் திரும்பவும் வரம்பு கட்டப் போகவும் தயார். பேனையைக் கேட்டேன். அதற்குள் ஐயா உள்ளேயிருந்து வந்து கடதாசியை வாங்கி நாலாக மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்தார்.

"பொறும் தம்பி. விசாரணையிலை கேட்டால் உமக்குத் தெரிஞ்சதைச் சொல்லும். அது போதும்."

"நீங்கள் நித்திரை எண்டு சொல்லுவன் ஐயா."

அவர் வளவுத் தென்னையை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்.

விசாரணை நாள் காலையில் மனைவி என் சேர்ட்டுக்கு ஸ்திரிக்கை போட்டுத் தந்தாள். தன்னால் வந்த வினை என்று அவளுக்கும் குற்றவுணர்வு இருந்தது, ஆனால் அதை ஒப்புக்கொள்ளுகிற ஆள் அவள் இல்லை.

"ஐயா நித்திரை எண்டு அடிச்சுச் சொல்லுங்கோ. குறட்டை விட்டவர் எண்டும் சொல்லுங்கோ. அப்பதான் நம்புவினம்."

வவுனியாவில் தேவாலயத்தை ஒட்டிய மண்டபத்தில் விசாரணை. நீளமான மேசையைச் சுற்றிக் குருவானவர்களும் சபைப் பெரியவர்களும் இருந்தார்கள். ஒரு பக்கக் கதிரையில், குற்றவாளி மாதிரியும் இல்லாமல் பேராயர் மாதிரியும் இல்லாமல், ஐயா. என்னை நடுவில் நிற்கச் சொன்னார்கள். பிரக்கிராசி எழுந்தார்.

"ஐசே, முறிகண்டியிலை தேங்காய் உடைச்சது நீர்தானே?"

"ஓம் ஐயா."

"இதுதான் முதல் தரமோ?"

"இல்லை. போக ஒண்டு, வர ஒண்டு. நாலைஞ்சு வருஷமா."

மேசையைச் சுற்றி ஒரு முணுமுணுப்பு.

"தேங்காய் எங்கை வாங்கினது?"

"வாங்கிறேல்லை ஐயா. பங்களா வளவுத் தேங்காய்."

"மிஷன் தென்னையின்ர தேங்காய்," என்று பிரக்கிராசி மற்றவர்களைத் திரும்பிப் பார்த்து நிறுத்திச் சொன்னார். செயலாளர் இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் கட்டிவிட்டேன் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"அந்த நேரம் பேராயர் என்ன செய்துகொண்டிருந்தவர்?"

"நித்திரை."

"நல்லா யோசிச்சுச் சொல்லும்."

"சத்தியமா நித்திரை ஐயா. ஒவ்வொரு முறையும் நித்திரை. குறட்டையும் விட்டவர்."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். பிரக்கிராசியின் முகம் வாடியது. வென்றுவிட்டோம் என்று நினைத்து நான் ஐயாவைப் பார்த்தேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பது எனக்குத் தெரியாத பழமொழி இல்லை. ஐயா மெதுவாக எழுந்தார்.

"குறட்டை நான் விடுறேல்லை," என்றார். "அதைத் திருத்தப்போனால் மற்றதையும் திருத்தத்தான் வேணும். நான் நித்திரையும் இல்லை."

செயலாளர் எழும்பி, "ஐயா, இருங்கோ, இருங்கோ" என்றார். ஐயா இருக்கவில்லை.

"இந்தத் தம்பி பொய் சொல்லேல்லை. நான் நித்திரை எண்டுதான் அவர் நம்பினவர். நம்பட்டும் எண்டுதான் நான் கண்ணை மூடினது. முதல் நாள் மாங்குளத்திலையிருந்து அவர் கண்ணாடியிலை என்னைப் பாத்துப் பாத்து வந்தார். முகத்திலை வேர்வை. ஒரு மனுசன் கும்பிடுறதுக்கு என்னைக் கண்டு பயப்பிட வேண்டிக் கிடக்கே எண்டு எனக்கு வெக்கமாப் போச்சு. போகச் சொல்லவும் எனக்கு ஏலாது, வேண்டாமெண்டு சொல்லவும் மனமில்லை. அதாலை நித்திரையானன்."

"கண்ணை மூடிக்கொண்டு என்ன செய்தனீங்கள்?" பிரக்கிராசியின் குரலில் வெற்றி இருந்தது. "அதைச் சொல்லுங்கோ."

"ஜெபம் பண்ணினன்."

"ஆரிட்டை?"

"நீங்களும் நானும் ஞாயிற்றுக்கிழமை ஆரிட்டைப் பண்ணுறமோ, அவரிட்டை. இந்தத் தம்பி என்னைப் பத்திரமாக் கொண்டுபோய்ச் சேர்க்க வேணும் எண்டு வெயிலுக்கை நிண்டு கும்பிடுறார். எனக்காகத்தான் அந்தத் தேங்காய். நான் சும்மா இருக்கலாமோ? அவருக்காக நான் ஜெபிச்சன்."

பிரக்கிராசி தன் முன்னால் இருந்த கடதாசிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். கோபமில்லாத குரலில், "நித்திரை எண்டு சொல்லியிருந்தால் இண்டைக்கே முடிஞ்சிருக்கும், தெரியுமோ உங்களுக்கு?" என்று கேட்டார்.

"தெரியும்," என்றார் ஐயா.

நான் வெளியே வந்து வாசல் படியில் குந்தினேன். அவமானமா, சந்தோஷமா, என்னவென்று இன்றைக்கும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. இத்தனை வருடமாக நான் ஒளித்துச் செய்கிறேன் என்று நினைத்தேன். உண்மையில் ஒளித்தவர் அவர். பிறகு வந்து எனக்குத் தண்ணீர் தந்தவர் பிரக்கிராசிதான்.

முடிவு இரண்டுங்கெட்டானாக வந்தது. பதவி விலகச் சொல்லவில்லை. பேராயரின் நடத்தை சபையாருக்கு மனவருத்தம் தந்தது என்று ஒரு வரி எழுதி அவர்முன் வைத்தார்கள். அவர் அதற்குக் கீழே, மனவருத்தம் தந்ததற்குத் தானும் வருந்துவதாக எழுதிக் கையெழுத்திட்டார். கண்ணை மூடியதற்கு வருந்துவதாக எழுதச் சொன்னார்கள், அதை எழுதவில்லை. என்னை வேலையிலிருந்து நிறுத்துவது பற்றிய கடதாசி அவருடைய சட்டைப் பையோடு சலவைக்குப் போய்ப் பசையாகி வந்தது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போனது என்று மனைவி பிள்ளையாருக்கு மோதகம் அவித்தாள். ஐயாவுக்கும் ஒரு தட்டு அனுப்பினாள். இரண்டாம் தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

ஆனால் தலைப்பாகை போனது போனதுதான். மூன்று மாதத்தில் பெரிய பேராயர் ஓய்வுபெற்றார். அந்தக் கதிரைக்கு வேறொருவரைத் தெரிவு செய்தார்கள். செய்தி வந்த அன்று நான் காரைக் கழுவிக்கொண்டிருந்தேன், ஐயா வந்து பக்கத்தில் நின்றார். என்னால்தான் எல்லாம் என்று சொன்னேன்.

"உம்மாலை இல்லை, தென்னையாலை," என்றார். "பாரும் தம்பி, அந்தக் கதிரைக்குப் போனால் கண்டி றோட்டாலை ஆர் போறது? அங்கை கச்சானும் இல்லையாம்."

சிரிக்க வைக்கத்தான் சொன்னார். சிரித்தேன். ஆனாலும் அவர் அந்தக் கதிரையில் இருந்து நான் பார்த்திருக்க வேண்டும். எனக்கு அந்த ஆசை விட்டுப்போகவில்லை.

ஒன்று சொல்ல விட்டுப்போனது. விசாரணை முடிந்த அடுத்த கிழமை கிளிநொச்சிக்குப் பயணம். மனைவி வழக்கம்போல் தேங்காயைச் சாக்கில் சுற்றி வைத்திருந்தாள். கொக்காவில் வந்தது. கண்ணாடியில் பார்த்தேன். ஐயா கண்ணைத் திறந்தபடி நேரே இருந்தார். இனி நடிக்கத் தேவையில்லைதானே என்ற மாதிரி ஒரு தெளிவான முகம். கோயில் தெரிந்தது. காரை நிறுத்தினேன், தேங்காயையும் எடுத்தேன். இறங்கக் கால் வரவில்லை. நாலைந்து வருடம் ஒளித்துக் கும்பிட்டுப் பழகியவனுக்கு, ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கக் கும்பிடத் தெரியாமல் போயிருந்தது. தேங்காயை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தேன்.

"என்ன தம்பி?"

"ஐயா, ஒரு சின்ன நித்திரை கொள்ளுங்கோவன்."

"ஏன்? இப்பதான் எல்லாருக்கும் தெரியுமே."

"தெரியும் ஐயா. ஆனால் நீங்கள் பாத்துக்கொண்டிருந்தால் எனக்குக் கும்பிட வருதில்லை."

கார் குலுங்கச் சிரித்தார். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கைகளை மடியில் கோத்து, தலையைக் குனிந்தார். நான் இறங்கிப் போனேன். கற்பூரம் முதல் குச்சியிலேயே பற்றியது. தேங்காய் ஒரே அடியில் சிதறியது. கச்சானும் வாங்கிக்கொண்டு திரும்பி வந்து கதவில் கை வைத்தபோதுதான் பார்த்தேன், உள்ளே அவருடைய உதடுகள் இன்னும் அசைந்துகொண்டிருந்தன.

நான் கதவைத் திறக்கவில்லை. அவர் முடிக்கும்வரை மற்றப் பக்கம் திரும்பி, கச்சான் வறுக்கிறவளைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.